மஞ்சள் டப்பா

காலையில் எழுந்து வந்தபோது கூடத்துத் தரையில் காலடித் தடங்கள் இருந்தன. வாசலிலிருந்து பச்சோந்திக் கூண்டுவரை, அங்கிருந்து என் படுக்கையறைக் கதவுவரை.

"பாத்தியா ஆ-ஜுன், புள்ள வந்துட்டுப் போயிருக்கான்," என்றார் மாமியார். "உன் ரூம் வாசல்ல எவ்வளவு நேரம் நின்னிருக்கான் பாரு. உன் மேல அவனுக்கு ஒரு கோவமும் இல்லம்மா."

என் கணவன் கோ-செங் செத்துப்போன ஏழாம் நாள் இரவு கழிந்திருந்தது. அன்றைக்குச் செத்தவர் வீட்டைப் பார்க்க வருவார். தரையில் மாவு தூவிவிட்டு, எல்லோரும் அவரவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் மாவு ஏது? மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. மாமியார் கூண்டுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளை டப்பாவை எடுத்தார். ஈரம் படாமலிருக்க கோ-செங் பாதி மட்டும் கிழித்து மடித்து வைத்திருந்த டப்பா வாய் வெள்ளித்தாளை முழுசாகப் பிய்த்துப் போட்டுவிட்டு, அப்படியே கவிழ்த்துவிட்டார்.

அது முதலாளியின் கால்சியம் பொடி. முதலாளி என்பது பச்சோந்தி. சம்பளமெல்லாம் அதற்கே போகிறது என்பதால் கோ-செங் வைத்த பெயர்.

ஏழு நாளாக வீட்டில் ஒரே கேள்விதான். எங்கள் ஊரான கீலுங்கில் மழை புதிதில்லை, ஆனால் அன்று பெய்தது புயல் மழை. அதில் எதற்காக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான்? போலீஸ்காரர் கேட்டார். நாத்தனார் கேட்டாள். மாமியார் ஊதுபத்தி கொளுத்தும்போதெல்லாம் அவன் படத்தைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

தெரியும்.

செத்தவன் வர வேண்டும் என்று வீடே வேண்டிக்கொண்டிருக்க, வந்துவிடக் கூடாது என்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குனிந்து தடங்களைப் பார்த்தேன். சின்னப் பாதம். பெருவிரல் அடுத்த விரலின் மேல் ஏறியிருந்தது. மாமியார் படத்தின் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டபோது அவருடைய குதிகால் இரண்டும் வெள்ளையாக இருந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார், பாவம். ஏழு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மருமகளுக்காக.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. அப்படியானால் அவனுக்கு எதுவும் தெரியாது.

அந்த நிம்மதியில் முதலாளிக்குத் தீனி வைக்கப் போனேன். அதன் இடது கண் பத்து நாளாக வீங்கி மூடிக் கிடந்தது. வலது கண் மட்டும் உருண்டு உருண்டு என்னைப் பார்த்தது.

கூண்டுக்குள் தீனிக் கிண்ணத்தில் ஏற்கெனவே நாலு சில்வண்டுகள் இருந்தன.

நான் வைக்கவில்லை. மாமியாரோ, சில்வண்டுப் பெட்டியில் சத்தம் கேட்டாலே காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்கிறவர்.

நாலின் மேலும் பொடி பூசியிருந்தது. வெள்ளை அல்ல, மஞ்சள்.

மஞ்சள் என்றால் வைட்டமின். மாதத்துக்கு இரண்டே முறை. பூசிய பொடி ரொம்ப நேரம் நிற்காது, சில்வண்டு காலாலேயே வழித்துத் துடைத்துவிடும். இது இப்போதுதான் பூசியது.

செத்துப்போன அன்று சாயங்காலம் கோ-செங் அந்த மஞ்சள் டப்பாவைத்தான் தேடினான். புதுசு, இன்னும் பிரிக்காதது. முதலாளியின் கண் வீக்கத்துக்கு உடனே கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியது. அலமாரியில் தேடினான், குளிர்பெட்டியில் தேடினான், குப்பையைக்கூடக் கிளறினான்.

அன்று எங்கள் கல்யாண நாள். அவனுக்கு நினைவே இல்லை. பல்லிக்கு வேளை தவறாமல் வைட்டமின், பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை கிடையாது என்று எனக்கு எரிந்தது.

"மஞ்ச டப்பாவப் பாத்தியா?" என்றான்.

"பாக்கலையே."

கொஞ்சம் தேடட்டும் என்றுதான். தேடி ஓய்ந்து என்னிடம் வந்து நிற்பான், எடுத்துக் கொடுத்துவிட்டு நாலு கேள்வி கேட்கலாம் என்று நினைத்தேன். அவன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். கடை மூடுவதற்குள் இன்னொன்று வாங்கி வந்துவிடுகிறேன் என்றான். ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டபோது நான் குளியலறையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அங்கேதான் போனேன். கதவைத் தாழிட்டேன்.

மேல்தட்டில் என் நாப்கின் பை. எட்டு வருடத்தில் கோ-செங் ஒருமுறைகூடக் கை வைக்காத பை. மாமியாருக்கும் அதில் வேலையில்லை.

மஞ்சள் டப்பா உள்ளேதான் இருந்தது, நான் ஒளித்து வைத்த இடத்தில். மேலே நாப்கின்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

மூடியைத் திருகினேன்.

வெள்ளித்தாள் பாதி கிழித்து, மடித்து வைத்திருந்தது.

டப்பாவைச் சாய்த்துப் பார்த்ததில் கொஞ்சம் மஞ்சள் என் புறங்காலில் கொட்டியது. எடுத்தவன் அதைக் கூண்டுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவனுடைய அம்மா பார்த்திருப்பார். கேட்டிருப்பார்.

"உள்ள என்னம்மா பண்ற இவ்வளவு நேரம்?" மாமியார் கதவைத் தட்டினார். "எதையாச்சும் தேடுறியா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

வெள்ளித்தாளை அவன் மடித்திருந்தபடியே மடித்தேன். டப்பாவை உள்ளே வைத்து, அவன் அடுக்கியிருந்த மாதிரியே நாப்கின்களை மேலே அடுக்கினேன்.