முந்நூறாவது மேற்கோள்

“கட்டுரை முடிவுல உனக்கு நன்றி போட்டிருக்கேனே, போதாதா?” என்று பன்னிரண்டு வருடம் முன்பு வேதியியல் பேராசிரியர் அடைக்கலராஜ் கேட்டார். “போதுங்க” என்றாள், அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த மனைவி பிரான்சி. இன்று தென்னூர் வீட்டின் காலை வெயில் மடிக்கணினியில் விழுகிறது. அந்தக் கட்டுரையை முந்நூறாவதாக மேற்கோள் காட்டியிருப்பவர் ஒரு ஜப்பான்காரர். “அப்படி என்னதான் எழுதியிருக்கார்?” காபி டம்ளரோடு பிரான்சி குனிந்து படிக்கிறாள். கரைசலில் படிகம் உருவாகாதபோது, அடைக்கலராஜின் முறைப்படி, குடுவையின் உட்சுவரைக் கண்ணாடிக் கோலால் கீறியதும் படிகம் உருவானதாம். அன்று ஆய்வகத்தில் முதன்முதலில் அப்படிக் கீறிப் பார்த்தது அவள் கை. இப்போது அந்தக் கையிலிருக்கும் ஸ்பூன் டம்ளரின் உட்புறத்தை மெல்லக் கீறுகிறது. “ஜப்பான் வரைக்கும் போயிட்டேன் பாத்தியா?” என்று சிரிக்கிறார் அவர். ஸ்பூன் சத்தம் நிற்கிறது. “அடுத்த கட்டுரையில என் பேரையும் உங்க பேருக்குப் பக்கத்துல போடுங்க.”