மந்தாரை இலையில் ஓர் ஓட்டை

தாவரவியல் கூடத்து அலமாரியில் மந்தாரை மரத்தின் உலர்ந்த கிளைகளைத் தாள்தாளாக ஒட்டி வைத்திருந்தார்கள். சிவப்பு உறைக்குள் இருந்த முதல் தாளுக்குத் தலைக்கனம் அதிகம். அதைப் பார்த்துத்தான் அந்த மரத்துக்கே பெயர் வைத்தார்களாம். பறிப்பதற்கு முன்பே அதன் இலையில் ஒரு புழு ஓட்டை போட்டிருந்தது.

ஒருநாள் புதுத் தாள் ஒன்று வந்து சேர்ந்தது. முதல் தாள் அதை மேலும் கீழும் பார்த்தது.

"ஓட்டை எங்கே?"

"எனக்கு இல்லீங்களே."

"அப்புறம் நீ எப்படி மந்தாரை? எங்க வம்சத்துக்கே அதுதானே அடையாளம்."

புதுத் தாள் கூனிக்குறுகிப் போனது. மற்ற தாள்கள் தங்கள் இலைகளை மெல்ல மறைத்துக்கொண்டன. அவற்றுக்கும் ஓட்டை இல்லை.

மழைக்காலத்தில் அந்துருண்டை கரைந்து தீர்ந்ததும் ஒரு வண்டு உள்ளே நுழைந்து புதுத் தாளின் இலையைக் கடித்துத் துளைத்தது.

"பார்த்தீங்களா, எனக்கும் வந்துடுச்சு" என்று நெஞ்சை நிமிர்த்தியது புதுத் தாள்.

"இப்பதான் நீ நம்ம ஆளு."

மற்ற தாள்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வண்டிடம் இலையை நீட்டின. முதல் தாளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"தள்ளாதீங்கப்பா, வரிசையா வாங்க" என்றது.