வலிக்காத வயிறு

வெல்டிங் பட்டறைக்கே தேடி வந்துவிட்டாள் அக்கா.

"பாதி மாத்திரை அப்படியே கிடக்கு. ஏன்டா நிறுத்தின?"

"வாயெல்லாம் கசக்குதுக்கா. எனக்கு வயிறு வலிக்கவே இல்லையே!"

"வலி வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பியா? டெஸ்ட்ல தெரிஞ்ச அந்த வயித்துக் கிருமியை விட்டுவச்சா வயித்தைப் புண்ணாக்கி, கடைசியில கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும்டா!"

எத்தனை தடவை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

தம்பியும் எரிந்து விழுந்தான். "சும்மா இருந்தவனை இழுத்துட்டுப் போய் டெஸ்ட் எடுக்க வச்சு நோயாளி ஆக்கிட்ட. பட்டறையில இத்தனை பேர் இருக்காங்க, அவங்களெல்லாம் மாத்திரையா முழுங்குறாங்க? நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

இதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"கூடப் பிறந்தவங்களை உடனே பரிசோதிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாருடா!"

"யாரோட கூடப் பிறந்தவங்களை?" என்று சீறியவன் சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அவர்கள் வீட்டில் பிறந்ததே இரண்டு பேர்தான்.

"எனக்குத் தெரியறதுக்குள்ள முத்திப் போச்சு," என்றாள் அக்கா. "உனக்காவது வராம இருக்கட்டும்டா."