வரிசையில் முதல் குடம்

தண்ணீர் லாரி வந்து நிற்கும் தெருமுனையில் தினமும் முதல் இடம் ஓட்டைக் குடத்துக்குத்தான். இடம் பிடிப்பதற்காகப் பிலோமினா அதை விடிந்ததும் அங்கே வைத்துவிட்டு, வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். பின்னால் நாற்பது குடங்கள் நிற்கும். ஓட்டைக் குடத்துக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

"அண்ணே, லாரி வத்துறதுக்குள்ள எனக்குத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டது, அடுத்து நின்ற நீலக் குடம். விலைச் சீட்டுகூட இன்னும் உரியாத புதுக் குடம் அது.

"என்னை ஒட்டியே நில்லு தம்பி. நாலு வருஷமா இங்க நான்தான் முதல் ஆளு. டிரைவர் என்னைப் பார்த்துதான் பிரேக்கே போடுவார்."

லாரி வந்தது. பிலோமினா ஓடிவந்து ஓட்டைக் குடத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். அந்த இடத்தில் ஒரு நல்ல குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தாள். அடுத்து நீலக் குடமும் நிரம்பித் தளும்பியது.

"அண்ணே, நீங்க ஒரு சொட்டுகூடப் பிடிக்கலையே" என்றது அது பாவமாக.

சாக்கடை ஓரம் உருண்டு கிடந்த ஓட்டைக் குடம் சிரித்தது.

"தண்ணி எந்தக் குடமும் பிடிக்கும்டா. நாளைக்குக் காலையில முதல்ல யாரு நிக்கிறான்னு வந்து பாரு."