பளீல் மெனேஜர்ட மகள்

"கபன் துணிய மூடப் போறம். மஹ்ரமான பொம்புளைகள் வந்து முகத்தப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மௌலவி முற்றத்தில் இறங்கினார். தாய், மனைவி, மகள், சகோதரி என்று, பளீலின் மையித்தைத் தொட்டுக் கொஞ்ச மார்க்கம் அனுமதித்த உறவுகளைத்தான் அவர் கூப்பிட்டது.

அஸ்னா எழும்பவில்லை. குசினி வாசல் நிலையில் சாய்ந்தபடி, யாரோ கையில் திணித்துவிட்டுப் போன பிளேன்டீக் கோப்பையோடு இருந்தாள். தேத்தண்ணி எப்பவோ ஆறிவிட்டது.

பக்கத்து வீட்டு மர்ஷூதா மாமிக்கு இதைக் கண்டால் வாய் சும்மா கிடக்குமா? விடிந்ததிலிருந்து அவவுக்கு இதே வேலைதான்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல, பாத்தீங்களா? இவள்ட மாப்பிள கத்தாரில இருந்து ஃபோன்ல குழறி அழுறார். இவள் ஓம், ஓம் எண்டு கதைச்சுட்டு வைக்கிறாள்."

வீடு நிறைய ஆட்கள். மருதமுனையிலிருந்து வந்த நெசவுக்காரப் பெண்கள் இருவர் மூலையில் குந்தியிருந்து மூக்கைச் சீந்தினார்கள்.

"நாங்க பேங்க் வாசல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள போகப் பயந்து நிப்பம். மெனேஜர் எழும்பி வந்து, 'இது பள்ளி இல்லம்மா, செருப்போட வாங்க' எண்டுவார். அந்த மனிசனப் போல ஒராள் இனி வருவாரா?" என்றாள் ஒருத்தி.

பளீல் ஆமியில் இருந்தவர். இடது காலில் பட்ட சன்னத்தோடு வீட்டுக்கு வந்து, பிறகு படித்துப் பரீட்சை எழுதி வங்கியில் சேர்ந்து மெனேஜரானவர். மனைவி ஜெமீலாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாவடிப்பள்ளிக்குக் குடி வந்தபோது அஸ்னா ஆறாம் ஆண்டு, சப்ரி அவளுக்கு இளையவன்.

மகள் என்றால் மனிசனுக்கு உயிர், அதை ஊரே சொல்லும். அவளுக்குப் பரீட்சை என்றால் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நொண்டிக் காலோடு வெயிலில் நிற்பார். டெங்கு வந்து அவள் கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு வார்ட்டு வாசல் வாங்கிலேயே குடியிருந்தார். உள்ளே நெற்றியில் ஈரத்துணி போட்டது ஜெமீலா. காய்ச்சல் எவ்வளவு, கஞ்சி குடித்தாளா என்று இவர் வாசலில் இருந்தே கேட்டுக் கேட்டு நர்ஸ்மாரின் உயிரை எடுத்தார்.

"சைக்கிள் பழக்கினதும் அவர்தானே" என்றா மர்ஷூதா. "பின்னால நொண்டி நொண்டி ஓடுவார். புள்ள விழுந்து முழங்கால் தோல் கழண்டாலும் தூக்க மாட்டார். 'எழும்பு மகள், எழும்பு' எண்டு தலைமாட்டுல நிண்டு சொல்லுவார், அவர்ட கண்ணுல தண்ணி ஓடும். ஆமிக்காரன் பழக்கம்."

உள்ளே ஜெமீலா கணவரின் நெற்றியில் முகத்தை வைத்து அழுகிற சத்தம் கேட்டது. பளீலின் தங்கச்சிமார் கொஞ்சிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். பிறகு யாரும் போகவில்லை.

அஸ்னாவுக்கு ஆசை இல்லாமலில்லை. அந்த நெற்றியில் ஒருக்கா வாயை வைத்தால் போதும் என்றிருந்தது, வேறு எதுவும் வேண்டாம். ஆனால் கையும் காலும் நெஞ்சும் விறைத்துப்போய், தன்னுடையவை இல்லாதவை போலக் கிடந்தன. அழுகை வருமென்று காலையிலிருந்து காத்திருந்தாள், அது வரவே இல்லை.

மர்ஷூதா வந்து கோப்பையைப் பறித்து வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தா.

"வா புள்ள. இனி மறுமையிலதான் காணுவாய். போய் வாப்பாவக் கொஞ்சிட்டு வா."

"ஏலா மாமி."

"என்ன ஏலா? உன்ன உள்ளங்கையில வெச்சு வளத்த மனிசன். உன்னப்போல கல்நெஞ்சுக்காரிய நான் காணல்ல."

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னலடியில் நின்ற சப்ரி தலையைக் குனிந்துகொண்டான். ஜெமீலா அறை வாசலுக்கு வந்து, "அவள விடுங்க மர்ஷூதா" என்றா. மேலே பேசப்போன அவவுக்கு வாய் கோணி அழுகை வந்துவிட்டது.

முற்றத்திலிருந்து மௌலவி செருமினார். "முடிஞ்சுதா? அசர் தொழுகைக்குப் பள்ளிக்குக் கொண்டு போகணும். இன்னும் ஆரும் பாக்க இருக்கா?"

அஸ்னாதான் சொன்னாள், யாருக்கோ நேரம் சொல்வதுபோல.

"இல்ல மௌலவி. மூடுங்க."

மர்ஷூதாவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "நீயெல்லாம் ஒரு மகளா புள்ள? நாளைக்கு நினைச்சு நினைச்சு அழுவாய். இப்ப போனா என்ன, ஆர் உன்னத் தடுக்கிற?"

ஆண்கள் அறைக்குள் போனார்கள். கபன் துணியைக் கட்டுகிற சரசரப்பு வெளியே கேட்டது. அஸ்னா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நான் மஹ்ரம் இல்ல மாமி."

"என்ன பேய்க்கத இது? வாப்பாக்கு மகள் மஹ்ரம் இல்லாம, பிறகு ஆர்?"

"வாப்பா என்ன ஒரே ஒருக்காத்தான் தொட்டவர் மாமி, சுனாமியண்டு, ஆர்ட புள்ளையெண்டும் தெரியாம தண்ணிக்குள்ளால தூக்கக்குள்ள."