முகவரிக்குக் காவல்

உலகத்தின் வாய்க்குப் பூட்டுப் போட நினைப்பவர்களெல்லாம் அஞ்சி நடுங்க வேண்டிய மாவீரன் ஒருவன் இருந்தான். அன்று அவன் ரயில் பெட்டியின் வாசலில், ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் மகளின் கரடி பொம்மையுமாக நின்றுகொண்டிருந்தான்.

கைப்பேசி துடித்தது. எடுத்துப் பார்த்தவன் அலறினான்.

"போச்சு! மாறிடுச்சு!"

எது மாறியது என்று மனைவிக்குத் தெரியும். யார் எங்கிருந்து எழுதுகிறார்கள் என்று எவருக்கும் தெரியாதபடி செய்திகளைக் கைமாற்றிவிடும் கணினிகள் உலகெங்கும் உண்டு. ஆர்வலர்கள் தத்தம் வீட்டில் வைத்து ஓட்டுபவை. அவனும் ஒன்றை ஓட்டினான். ஆர்வலர் குழுவில் அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் 'கவசம்'.

இணைய கம்பெனிக்காரன் நினைத்தபோதெல்லாம் வீட்டு ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் அந்த வீட்டைக் காட்டும் எண்ணை, மாற்றிவிடுவான். பழைய முகவரியோடு கணினி படுத்துக்கொள்ளும். உடனே கவசம் தலைதெறிக்க ஓடிப்போய், அதன் அமைப்புகளில் 'முகவரி' என்ற இடத்தில் புது முகவரியைத் தட்ட வேண்டும். வெளியிலிருந்து யாரும் அந்தக் கணினிக்குள் நுழைய முடியாதபடி பூட்டி வைத்திருந்தான், தன்னையும் சேர்த்து. மச்சினி கல்யாணத்துக்குப் போகவில்லை. மகள் பிறந்தபோது பக்கத்தில் இல்லை.

"ஏங்க, உங்க குழுவுல ஆந்தைன்னு ஒருத்தர் இருக்காரே, அவருக்கும் இதே கம்பெனிதானே? குடும்பத்தோட ஒரு மாசம் ஊர் சுத்திட்டு வந்தாரு. அவர் கம்ப்யூட்டர் ஒண்ணும் படுத்துக்கலையே?"

"அவனுக்கு அதிர்ஷ்டம். எனக்குப் பொறுப்பு இருக்கு."

"நாளைக்கு எங்கப்பாவுக்கு ஆபரேஷன். இந்த ஒரு தடவை கூட இருங்கன்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேன். இப்ப இறங்கினீங்கன்னா நானும் இவளும் திரும்பி வர மாட்டோம். சொல்லிட்டேன்."

"இறங்காதப்பா," என்று மகள் சட்டையைப் பிடித்தாள்.

ரயில் அசைந்தது. எங்கோ ஓர் இருட்டறையில் ஒளிந்திருக்கும் ஓர் எழுத்தாளன், சரியாக இவன் கணினியை நம்பித்தான் கண்ணீர் வடிக்கிறான் என்று கவசத்துக்குப் பட்டது. அந்த எழுத்தாளனின் செய்தி போய்ச்சேர இன்னும் ஆயிரக்கணக்கில் வழிகள் இருந்தன என்பது வேறு விஷயம்.

குதித்துவிட்டான். கரடியும் அவனோடு வந்துவிட்டது.

மூச்சிரைக்க மாடியேறி முகவரியைத் தட்டினான். கணினிக்கு உயிர் வந்தது. மனைவியை அழைத்தான், கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தான். மறுபடியும் அதே குரல், அதே செய்தி. குழந்தையின் செருப்பு ஒன்றுகூட வாசலில் இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

கரடியை மடியில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான். குழுவில் இதுவரை அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கவசமே சந்தேகம் கேட்டால் கௌரவம் என்னாவது? இன்று கௌரவத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"என் குடும்பமே போயிடுச்சு நண்பர்களே. முகவரி மாறுறப்பல்லாம் நீங்க எப்படித்தான் சமாளிக்கிறீங்க?" என்று எழுதிப் போட்டான்.

ஆந்தையிடமிருந்து உடனே பதில் வந்தது.

"முகவரிங்கற எடத்துல ஒண்ணும் எழுதாம விட்டுடுங்கண்ணே, அதுவே கண்டுபிடிச்சுக்கும்."