மொட்டை மாடிக்கு வீட்டோ

“என் பொண்ணு நிச்சயத்தைத் தடுக்க நீங்க யாருங்க? டெல்லியில இருந்து எறங்குன ஜனாதிபதியா?”

நாச்சம்மாளின் குரல் நான்கு மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே வந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவின் அந்தக் குடியிருப்பில் போட்டது போட்டபடி எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சிலர் நாற்காலியோடு.

“ஜனாதிபதி இல்லீங்க, அத்யக்ஷரு,” என்றார் சங்கத் தலைவர் கெம்பையன். “மொட்டை மாடியை உங்களுக்குக் குடுக்கலாம்னு கூட்டத்துல தீர்மானம் போட்டாங்க. அதை நான் வீட்டோ பண்ணிட்டேனுங்க. ரத்து.”

இந்த அதிகாரம் அவருக்குப் போருக்குப் பிறகு வந்தது. ஒரு கோடையில் குழாய்த் தண்ணீருக்காக முன்பக்க வீடுகளும் பின்பக்க வீடுகளும் மோதிக்கொண்டதில் குடங்கள் பறந்தன, பேச்சுவார்த்தை நின்றது. களைத்துப்போய்ச் சமாதானம் ஆனபோது இரு தரப்பும் சேர்ந்து நடுவீட்டுக் கெம்பையன் கையில் இரண்டு ஆயுதங்களைக் கொடுத்தன. கூட்டம் கூட்டாமலே உத்தரவு போடலாம். கூட்டம் எடுத்த முடிவை ரத்தும் செய்யலாம்.

நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். கொஞ்ச நாளாகத்தான் என்னவோ பிடித்துக்கொண்டது. குக்கர் இரண்டு விசிலுக்கு மேல் கூவக்கூடாது என்று உத்தரவு வந்தது; எல்லோரும் பருப்பை ஊறவைத்தார்கள். லிஃப்டில் கதவைப் பார்த்து நிற்கக்கூடாது என்றார். எல்லோரும் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்து நின்றார்கள், பெண்களுக்கு அது வசதியாகவே போயிற்று.

ஜனங்கள் தலையாட்ட ஆட்ட, கெம்பையனின் முகம்தான் வாடிக்கொண்டே போனது. சர்க்கரை ஏறியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் நாச்சம்மாள் விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மார்டள்ளி கிராமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வருகிறார்கள். மண்டபம் எதுவும் காலியில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஏற்கெனவே, “மைசூருக்காரங்க நம்மளை எங்க மதிக்கப்போறாங்க” என்று முறுக்கிக்கொண்டு திரிகிற ஆள். மாடி இல்லையென்றால் மகள் தமிழ்ப்ரியாவுக்கு இந்தச் சம்பந்தமே இல்லை.

“ஊரே சரிங்குது, நீங்க ஒருத்தர் வேண்டாம்பீங்களா?”

“வீட்டோவை உடைக்கலாமுங்க. மூணுல ரெண்டு பங்கு வீடு கை தூக்கணும். தூக்கிட்டா எனக்கு மரியாதை இல்ல, நான் எறங்கியாகணும்,” என்று கெம்பையனே எடுத்துக் கொடுத்தார். “ஆனா அது உங்களால ஆகாதுங்க.”

ஆகாது என்று நாச்சம்மாளிடம் சொன்னவர் யாரும் அப்புறம் நிம்மதியாக இருந்ததாகத் தகவல் இல்லை. அன்று சாயங்காலமே, போரில் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடுகளில்கூட உட்கார்ந்து காப்பி குடித்தாள். மறுநாள் கூட்டத்தில் கைகள் மளமளவென்று உயர்ந்தன. கெம்பையனின் மனைவி லிங்கம்மா இரண்டு கையையும் தூக்கினாள்.

கெம்பையன் இறங்கினார். “அடுத்த தலைவரு யாருங்க?” என்றதும் கூட்டம் மொத்தமும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தது. பிறகு எங்கிருந்தோ, “நம்ம நாச்சம்மாக்காதான்!” என்று ஒரு குரல். கைதட்டல் அடங்கவே வெகு நேரம் ஆயிற்று. நாச்சம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நிச்சயம் மாடியில் ஜோராக நடந்தது. பெரியப்பாவே பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த வாரமே கெம்பையனும் லிங்கம்மாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு சாமராஜநகரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவமானம் தாங்காமல் மனுஷர் ஊரை விட்டே ஓடிவிட்டார் என்று நாச்சம்மாள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தை மாதம் மார்டள்ளியில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவளுக்குப் பந்தலில் நிற்க நேரமில்லை. மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, பின்பக்கத்தார் முன்பக்கத்துக் குழாயைத் திருகிவிட்டார்கள் என்று மைசூரிலிருந்து போன் மேல் போன். கெம்பையனோ கன்னம் உப்பி, பத்து வயது குறைந்து வந்திருந்தார்.

“ஏனுங்க, என்ற ராஜினாமாவைக் கை தட்டித் திருப்பிக் குடுக்கறாங்க. நீங்க எப்படித்தான் தப்பிச்சீங்க?” என்றாள் நாச்சம்மாள்.

“நான் குடுத்தப்ப முதல்ல கை தட்டுனதே நீங்கதானுங்களே.”

“அது உங்க அடக்கம்னு நெனச்சோமுங்க!”

கெம்பையன் ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே மணமேடையைப் பார்த்தார். தாலி ஏறிய தமிழ்ப்ரியா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“உங்க பொண்ணுதானுங்க வழி சொல்லுச்சு, ‘எங்கம்மாளைச் சீண்டிப் பாருங்க மாமா’ன்னு.”